பெயர்த்தெடுத்த அழகு

திருகோணமலையில் வாழும் எவருக்கும் இராவணன் வெட்டு என்னும் பெயர் புதியதன்று. கோணேசர் கோயில் நிற்கும் பாறையில் கடலை நோக்கிப் பிளந்து கிடக்கும் அப்பெரும் வெடிப்பைப் பற்றி எமது மூதாட்டியர் ஒரு கதை சொல்வர். இலங்கை வேந்தன் தன் தாய் வழிபடும் பொருட்டு இப்பாறையையே பெயர்த்துச் செல்ல முயன்றான். அவன் வாள் பதித்த வடுவே அப்பிளவு. பாறை பெயரவில்லை, தாய் இறந்த செய்திதான் வந்தது. அவளுக்கு ஈமக்கடன் ஆற்றும்பொருட்டு எழுந்தவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று கதை முடியும். இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இக்கதையில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இராவணன் அப்பாறையை வெறுத்தவன் அல்லன். அன்பு மிகுதியாலேயே வாளை எடுத்தான். தான் விரும்பிய பொருள் தன் வீட்டு முற்றத்தில் இருந்தே ஆகவேண்டும் என எண்ணும் அன்பு எத்தகையது என்னும் வினாவை அக்கதை எழுப்புகின்றது.

அவ்வினா அண்மையில் எமது வகுப்பறைக்குள்ளும் வந்து சேர்ந்தது. சம்பூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு தட்டைச் சட்டியில் ஆலமரம் ஒன்றைக் கொண்டுவந்தான். உயரம் இரண்டு சாண் இருக்கலாம். ஆனால் அடிமரமோ முதிர்ந்து திரண்டு, முறுக்கேறிய வேர்கள் கல்லைப் பற்றிய விரல்களைப்போல விரிந்து கிடந்தன. பார்த்தவர் எல்லோரும் வியந்தனர். எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, தன் அம்மம்மாவின் பழைய வீட்டுச் சுவரில் முளைத்திருந்தது என்றான். இதற்கு நகரத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே அவனுடைய தோழர்கள் ஒரு திட்டத்தோடு வந்தனர். "சேர், கன்னியாப் பக்கத்துப் பாறையளிலை இப்படி எத்தனையோ நிக்குது. லீவுக்கு அலவாங்கோடை போனால் காணும்" என்றான் ஒருவன். போகலாமா, கூடாதா என்பதற்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. போன்சாய் என்னும் கலையை அதன் அழகோடும் அது பிறக்கும் முறையோடும் சேர்த்து மதிப்பிட்டாலன்றி அவ்விடை நேர்மையானதாக இராது.

போன்சாய் என்பது யப்பானியச் சொல். தட்டில் நடப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். சீனத்தில் பென்ஜிங் என்ற பெயரில் முன்னரே வளர்ந்திருந்த இக்கலை யப்பானுக்குச் சென்று தனக்கெனத் தனியிலக்கணம் வகுத்துக்கொண்டது. 1878ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சி அதனை ஐரோப்பியரின் கண்முன் நிறுத்தியது. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் டோக்கியோ நகரம் அழிந்தபின், அங்கிருந்து வெளியேறிய தோட்டக்காரர்கள் 1925 முதல் ஓமியாவில் தமக்கென ஒரு கிராமத்தை அமைத்தனர். 1934இல் கொக்குபு என்னும் பெருங்கண்காட்சி டோக்கியோவில் தொடங்கியது. துறவியர் மடத்திலும் பிரபுக்கள் மாளிகையிலும் வளர்ந்த ஒன்று இவ்வாறு சந்தைக்கும் அரங்கிற்கும் வந்தது.

இம்மரத்தைப் பெறுதற்கு வழிகள் பல. விதையிட்டு வளர்க்கலாம், கிளைத்துண்டை நட்டு வேர்விடச் செய்யலாம், கிளையிற் பதியம் கட்டலாம். இவை மூன்றும் பொறுமையின் வழிகள். விதையிட்டவன் முதிர்ந்த மரத்தைக் காண இருபது முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். சில வேளை அவன் மகனே அதனைக் காண்பான். நான்காவது வழி ஒன்றுண்டு. யப்பானியர் அதனை யமதோரி என்பர். மலைச்சரிவிலும் பாறை இடுக்கிலும் கடற்கரையிலும் காற்றாலும் வறட்சியாலும் விலங்கின் பல்லாலும் குறுகிப்போன கிழமரத்தைத் தோண்டியெடுத்துச் சட்டியில் வைப்பதே அது. நூறாண்டுகள் ஒரு பாறையும் கடற்காற்றும் சேர்ந்து செய்த வேலையை ஒருவன் ஒரே பகலில் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். பின்னர் அதன் அடியில் தன் பெயர் எழுதிய அட்டையை வைத்துப் பரிசும் பெறுகிறான். பிறர் உழைப்பில் விளைந்ததைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் வழக்கம் மனித சமுதாயத்திற்குப் புதியதன்று. அது மரம் வரைக்கும் நீண்டிருக்கிறது, அவ்வளவே.

தோண்டுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிதல் பயனுடைத்து. நீரை உறிஞ்சுவன மரத்தின் பெருவேர்கள் அல்ல, அவற்றின் நுனியிலுள்ள நுண்வேர்களே. கிழமரத்தில் அவை அடியிலிருந்து வெகுதூரம் சென்றிருக்கும். ஆகவே மண்வெட்டி விழுந்தவுடன் மரம் தன் வாயில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்குகின்றன. விவரமறிந்தவர் இதற்காக ஓராண்டு முன்னரே மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வேர்களைச் சிறிது சிறிதாக அறுத்து, அடியருகே புதுவேர் பிறந்த பின்னரே எடுப்பர். எடுத்ததை ஈரச்சாக்கிற் பொதிந்து, கிளைகளைக் குறைத்து, பருமணலில் நட்டு, நிழலில் வைத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கம்பியோ கத்தியோ படாமல் காப்பர். பாறை வெடிப்பில் நிற்கும் மரத்திற்கு இவ்வழியும் இல்லை. அங்கே மண்கட்டி கிடையாது. வேர் கல்லுக்குள்ளேயே போயிருக்கும். கல்லை உடைக்க வேண்டும், அல்லது வேரை அறுக்க வேண்டும். ஆல், அரசு போன்றவை இதனையும் தாங்கிப் பிழைப்பதுண்டு. மெல்ல வளரும் வன்மரங்கள் பலவும் தாங்குவதில்லை. பிழைத்தது கண்காட்சிக்கு வருகிறது, பட்டுப்போனது விறகாகிறது. கண்காட்சியில் நாம் காணும் ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் காணாத மரங்கள் நிற்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இது கற்பனை அச்சமன்று. யப்பானின் ஷிக்கோகு தீவிலுள்ள இஷிசுச்சி மலையில் ஷிம்பாக்கு என்னும் சூனிபர் மரங்கள் செங்குத்தான பாறைகளில் முறுகி வளர்ந்திருந்தன. போன்சாய் விரும்பிகளிடம் அவற்றிற்கு மதிப்பு ஏறியதும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சேகரிப்போர் குவிந்தனர், மலை வெறுமையானது. பின்னர் அவர்கள் இத்தொய்காவாப் பகுதியின் மலைகளை நாடினர். கயிற்றில் தொங்கி மரம் எடுத்தவர்களில் விழுந்து மாண்டவரும் உண்டு. உயிரைப் பணயம் வைத்தவன் மலையடிவாரத்து ஏழை. மரத்தை வைத்து மகிழ்ந்தவன் நகரத்துச் செல்வன். இன்று இதே கதை வெப்பவலயக் கடற்கரைகளில் தொடர்கிறது. பவளப்பாறைகளில் வளரும் ஒரு சிறுமரத்தைப் பிலிப்பைன்ஸ் நாட்டவர் பந்திகே என்றும் இந்தோனேசியர் சந்திகி என்றும் அழைப்பர். போன்சாய்க்கென அது கரைகளிலிருந்து பெருமளவிற் பெயர்க்கப்பட்டு வருகின்றது.

இனி அழகைப் பற்றிய வினாவுக்கு வருவோம். முதிய போன்சாயில் நாம் எதனை அழகென்கிறோம்? வளைந்த தண்டை, வெடித்த பட்டையை, பாதி செத்த கிளையை. அதாவது அம்மரம் பட்ட துன்பத்தின் தழும்புகளையே அழகென்கிறோம். இதிலே தவறில்லை, துன்பத்தை எதிர்த்து நின்ற உயிரைக் கண்டு நெகிழ்வது மனித இயல்பு. ஆனால் இக்கலை அத்தோடு நிற்பதில்லை. தழும்பு இல்லாத மரத்திற்குத் தழும்பு உண்டாக்கும் முறைகளையும் அது வகுத்திருக்கிறது. உயிருள்ள கிளையின் பட்டையை உரித்துப் பட்ட கொம்பாக்குவதற்கு ஜின் என்று பெயர். தண்டின் பட்டையை நீளவாக்கில் உரிப்பதற்கு ஷாரி என்று பெயர். உரித்த இடம் பல்லாண்டு வெயிலில் வெளுத்ததுபோலத் தோன்றச் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைப் பூசுவர். புயலைக் காணாத மரம் புயலைக் கண்டதாகச் சாட்சி சொல்லத் தொடங்குகிறது!

எமது எழுத்துலகை நினைக்காமல் இவ்விடத்தைக் கடக்க முடியவில்லை. கடற்கரைக் குடிசையிலோ தோட்டத்து லயத்திலோ அகதி முகாமிலோ துன்புறும் ஒருவனை எழுத்தாளன் காண்கிறான். அவனைத் தன் கதைக்குள் கொண்டுவருகிறான். கொண்டுவரும்போது அவனுடைய வேர்களை அறுத்துவிடுகிறான். அவன் பட்ட கடன் யாரிடம், அவன் நிலம் யார் கையில், அவன் கூலியை நிர்ணயிப்பவர் யார் என்பன எல்லாம் வெளியே விடப்படுகின்றன. எஞ்சுவது முறுகிய தண்டு மட்டுமே. அதற்கு நடையென்னும் கம்பியைச் சுற்றி, வேண்டிய பக்கம் வளைத்து, மெருகிட்ட சட்டியில் வைத்தால், வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் வாசகன் 'எவ்வளவு சோகம், எவ்வளவு அழகு' என்கிறான். துன்பம் போதாதென்று தோன்றினால் எழுத்தாளனே பட்டையை உரித்துச் சுண்ணாம்பும் பூசுகிறான். இத்தகைய எழுத்தை யதார்த்தம் என்று அழைப்பவர்கள் சட்டியை மலையென்று மயங்குகிறார்கள்.

இம்மயக்கத்தை எமக்கு முன்னரே ஒருவர் கண்டு சினந்தார். சீனத்து அறிஞர் கொங் சிசென் 1839ஆம் ஆண்டில், அபினிப் போருக்குச் சற்று முன்னர், பிணியுற்ற பிளம் மரங்களைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். நேரான மரம் அழகற்றது, கோணிய மரமே அழகுடையது எனக் கருதும் புலவர்களும் ஓவியர்களும் தம் இரசனையை மரம் விற்போருக்குத் தெரிவிக்கிறார்கள். விற்போர் நேரானவற்றை வெட்டி, வளைத்து, கட்டி, விலையேற்றுகிறார்கள். இவ்வாறே பிளம் மரங்கள் நோயுற்றன என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் முந்நூறு சட்டிகளை விலைக்கு வாங்கி, மூன்று நாள் அழுது, சட்டிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை மண்ணில் நட்டு, ஐந்தாண்டுகளில் குணமாக்குவதென உறுதி பூண்டதாக எழுதினார். மரத்தைச் சொல்லி அவர் மனிதரைச் சொன்னார் என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. தேர்வு முறையாலும் அதிகாரத்தாலும் முடமாக்கப்பட்ட ஒரு தலைமுறையின் ஆற்றலே அவர் கண்ட பிளம் மரம். இரசனை என்பது தூய தனிமனித விருப்பமன்று, அது சந்தைக்குக் கட்டளையிடும் ஒரு சக்தி என்று அவர் கண்டதே எம்மைக் கவர்கிறது. அதே வேளை, முந்நூறு மரங்களை விடுவித்த தனிமனிதனின் இரக்கம் அச்சந்தையை நிறுத்திவிடாது. நோயுற்ற மரங்களையெல்லாம் வைத்துக் காக்கத் தமக்குப் பொழுதும் நிலமும் இல்லையே என்ற ஏக்கத்தோடுதான் அவரும் முடிக்கிறார்.

ஆயினும் ஒரு கலையை அதன் கேட்டினால் மட்டும் அளப்பது விமர்சனம் ஆகாது. போன்சாய் வளர்ப்போனிடம் நாம் கற்க வேண்டியவையும் உண்டு. தட்டிலுள்ள மரம் நாள்தோறும் நீர் கேட்கும்; எமது கச்சான் வீசும் மாதங்களில் இருவேளையும் கேட்கும். ஒருநாள் மறந்தவன் மரத்தை இழப்பான். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யப்பானின் சைத்தாமா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நானூறு வயதுடைய ஷிம்பாக்கு மரம் களவு போயிற்று. அதை வளர்த்த குடும்பத்தினர் திருடரை வைது எதுவும் சொல்லவில்லை. தயவுசெய்து நீர் ஊற்றுங்கள் என்று மட்டும் வேண்டினர். அவ்வேண்டுகோளின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் மலையிலிருந்து பெயர்க்கப்பட்ட மரங்களுக்காக அவ்வாறு வேண்ட மலைக்கு வாயில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கிறோம்.

யப்பானியரின் பழைய நோ நாடகங்களுள் ஹாச்சி நோ கி என்று ஒன்றுண்டு. நிலத்தை உறவினர் பறித்துக்கொள்ள வறுமையுற்ற வீரன் ஒருவன், பனி கொட்டும் இரவில் தன் குடிசைக்கு வந்த வழிப்போக்கனுக்குக் குளிர்காய விறகின்றித் தவிக்கிறான். தன் நல்ல காலத்தின் நினைவாக எஞ்சிய மூன்று சட்டிமரங்களை, பிளம், செர்ரி, பைன் ஆகியவற்றை, வெட்டி எரிக்கிறான். வழிப்போக்கன் மாறுவேடத்து ஆட்சியாளன் என்பது பின்னர் தெரியவர, மூன்று மரங்களுக்கு ஈடாக மூன்று நிலங்கள் பரிசாகக் கிடைக்கின்றன. ஆண்டவன் கொடையால் கதை முடிவது நிலப்பிரபுத்துவ காலத்தின் எல்லை. ஆனால் அந்தப் பரிசை நீக்கிப் பார்த்தாலும் அவ்விரவின் செயல் குன்றுவதில்லை. குளிரில் நடுங்கும் மனிதனுக்கும் அழகிய மரத்திற்கும் இடையே தெரிவு வந்தபோது எது பெரிதென அக்கலையை நேசித்தவனே அறிந்திருந்தான்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீது அமெரிக்க அணுகுண்டு விழுந்தது. அந்நகரில் யமாக்கி என்னும் குடும்பத்தின் தோட்டத்து மதிலுக்குப் பின்னே, 1625 முதல் சட்டியில் வளர்ந்துவந்த ஒரு வெண்பைன் தப்பியது. 1976இல் அக்குடும்பத்தவர் அதனை அமெரிக்க மக்களுக்கே பரிசளித்தனர். குண்டுக்குத் தப்பிய மரம் அது என்பது 2001ஆம் ஆண்டில் பேரப்பிள்ளைகள் சென்று சொன்ன பின்னரே அங்கே தெரியவந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பராமரிப்பும், சொல்லாமற் கொடுத்த மன்னிப்பும் ஒரு சட்டிக்குள் இருக்க முடியும் என்பதற்கு அம்மரம் சான்று. ஆகவே சட்டியையே குற்றவாளியாக்க நாம் விரும்பவில்லை.

அப்படியாயின் அளவுகோல் யாது? அம்மரத்திற்கு நின்ற இடத்திலேயே வாழ்வு இருந்ததா என்பதே அளவுகோல் என்று நாம் கருதுகிறோம். வீதி அகலிக்கும்போது விழப்போகும் மரத்தை, கட்டடம் இடியும்போது அதனோடு அழியவிருக்கும் கன்றை எடுத்து வளர்ப்பது மீட்பு. வாழ்ந்துகொண்டிருக்கும் மரத்தை, அது அழகாயிருக்கிறது என்பதற்காகவே எடுப்பது பறிப்பு. கையிலுள்ள அலவாங்கு ஒன்றே, செயல்கள் இரண்டு.

சம்பூர் மாணவனின் ஆலுக்கு இப்போது திரும்பலாம். 2006ஆம் ஆண்டில் போர் மூண்டபோது கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என முகாம்களில் அவர்களின் காலம் கழிந்தது. ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் முதலீட்டு வலயமென்றும் ஒதுக்கப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் காணியும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்ட பின்னரே அவர்கள் தம் நிலத்தை மிதித்தனர். மனிதர் பெயர்க்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் ஒரு பறவை எச்சமிட்ட விதை, கூரையற்ற சமையலறைச் சுவரில் மரமாயிற்று. சுவரின் வறுமையே அதனைக் குள்ளமாக்கியது. வீடு மீண்டும் எழவேண்டுமாயின் சுவர் இடியவேண்டும். சுவர் இடிந்தால் மரம் சாகும். "அம்மம்மா பிடுங்கி எறியச் சொன்னா, சேர். எனக்கு மனம் வரேல்லை" என்றான் அவன். அது மீட்பு. அம்மரத்தின் முறுக்கிலே ஒரு குடும்பத்தின் பத்தாண்டு எழுதியிருக்கிறது. அதை விற்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, அவனே விற்கவில்லை. கண்காட்சி அட்டையில் தன் பெயரோடு ஊர்ப்பெயரையும் அது நின்ற சுவரையும் எழுதச் சொன்னோம். எழுதினான். அதன்பின் பார்த்தவர்கள் மரத்தை மட்டும் பார்க்கவில்லை. சுவர் ஏன் கூரையற்றுப் போனது என்றும் கேட்டனர். வேரோடு வந்த அழகு என்று நாம் கூறுவது இதனையே.

கன்னியாப் பாறைகளின் கதை வேறு. அங்கு நிற்கும் மரத்தை எந்தச் சுவரும் அச்சுறுத்தவில்லை. அதன் பழத்தை உண்ண வரும் பறவையுண்டு. அதன் வேரடியில் தங்கும் பிடி மண்ணுண்டு. அடுத்த கன்றுக்கு அதுவே நிலம். கோணேசர் ஆலயத்தின் தலமரம் கல்லாலம் என்பர். கல்லிலே நிற்பதுதான் அதன் பெயரும் பெருமையும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டைச் சுவராகியதைக் கண்ட ஊர் எமது ஊர். பெயர்ப்பதன் விலையைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டியதில்லை.

எனவே விடுமுறைத் திட்டம் வேண்டாமென்று மாணவரிடம் சொன்னோம். வெறுங்கையோடு அவர்களை அனுப்பவும் மனமில்லை. நற்றிணையிலே நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தி புன்னை மரத்தடியில் காதலனோடு விளையாட நாணுகிறாள். காரணம் எளிது: தோழியரோடு ஆடியபோது மணலில் அழுத்தி மறந்த விதை முளைத்தது, நெய்யும் பாலும் வார்த்து வளர்த்தனர், அது உனக்கு உடன்பிறந்தவள் போன்றது என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எமது கடற்கரையினத்தார் மரத்தோடு கொண்ட உறவு அது. தோண்டி எடுத்த மரம் உடைமையாகலாம். விதையிட்டு வளர்த்த மரமே உடன்பிறப்பாகும்.

மாணவர்கள் இப்போது வாடைமழைக்கு முன்னர் புளியங்கொட்டை ஊன்றியிருக்கிறார்கள். வேலிக்குக் கதியால் வெட்டும் வீடுகளிலிருந்து பூவரசந் துண்டுகளும், வளவில் நிற்கும் ஆலிலிருந்து போத்துகளும் கொண்டுவந்து மணலில் நட்டிருக்கிறார்கள். இவற்றிற் சில சட்டிக்குப் போகும், பல நிலத்திற்குப் போகும். சட்டிக்குப் போவது முதிர்ந்து அழகாவதற்குள் அவர்கள் தகப்பன்மாராகி விடுவார்கள். "அவ்வளவு காலமோ, சேர்?" என்று ஒருவன் சலித்தான். ஆம், அவ்வளவு காலம். ஒரு மரத்தின் வயதைக் களவாடாமல் பெறுவதற்கு வேறு வழியில்லை.